புறவாசல் எலுமிச்சை பூப்பது எப்படி?

தை கழிந்து மாசி பிறக்கும் சமயத்தில் புளியங்குடித் தோட்டங்கள் பக்கம் போனால் எலுமிச்சை மரங்கள் வாட்டமாக நிற்பதைப் பார்க்கலாம். மத்தியான வெயிலில் இலைகள் உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். கிணற்றில் தண்ணீர் கிடக்கும், மோட்டாரும் ஓடும் நிலையில்தான் இருக்கும். இருந்தும் விவசாயி வட்டப்பாத்தியில் ஒரு சொட்டு விடமாட்டார். அதே ஊரில், தெருவுக்குள், வீட்டுப் புறவாசலில் நிற்கும் எலுமிச்சையோ கரும்பச்சை இலையும் புதுக் கொப்புமாகத் தளதளவென்று இருக்கும். சில வாரம் கழித்து இரண்டையும் பாருங்கள். வாடிய மரம் வெள்ளையாகப் பூத்திருக்கும். செழித்த மரத்தில் இன்னும் இலைதான்.

"என்ன மயினி, மரம் இம்புட்டுச் செழிப்பா நிக்கி, ஒத்தப் பூவக் காணுமே?"

"அதத்தான் நானும் நெனைக்கேன். அங்கணத்துத் தண்ணி பூரா அதுக்குத்தான போவுது. ஒருநாகூட வாட விட்டதில்ல."

ஒருநாள்கூட வாட விடாததுதான் காரணம். எலுமிச்சைக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ, வருஷத்தில் சில வாரம் தண்ணீர் இல்லாமல் இருப்பதும் அவ்வளவு தேவை. இதைச் சொன்னால் புறவாசலில் மரம் வைத்திருக்கும் பலர் நம்புவதில்லை. வாயில்லா ஜீவனைக் காயப்போடுவதா என்று மனசு கேட்காது. அந்த மனசு நல்ல மனசு. ஆனால் மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் காயப்போடுவதும் அக்கறையில் சேர்த்திதான் என்பது புரியும்.

தென்காசி மாவட்டத்தில், ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர் புளியங்குடி. ஊருக்கு அடையாளமே எலுமிச்சை. இங்கே ஏலம் போகும் மூட்டைகளில் பெரும்பங்கு மலை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது. 2025-ல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இயற்கை முறையில் எலுமிச்சை வளர்த்து ஊருக்குப் பெயர் சேர்த்த அந்தோணிசாமியைத் தமிழ்நாட்டு விவசாயிகள் பலருக்குத் தெரியும். சங்கரன்கோவில் பக்கம் வன்னிக்கோனேந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எலுமிச்சை வகைப் பயிர்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. இத்தனை இருக்கும் ஊரில் தோட்டக்காரர்கள் தலைமுறையாகச் செய்துவரும் ஒரு காரியம் புறவாசல் வரை வந்து சேராமல் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

மரத்துக்குள் நடப்பதை ஒரு கல்யாண வீட்டு அடுப்படியாக நினைத்துக்கொள்வோம்.

அடுப்பு என்பது இலை. வெயில்தான் விறகு. வேர் தண்ணீரைக் கொண்டுவருகிறது, இலையின் அடிப்பக்கத்துச் சிறு துளைகள் வழியாகக் காற்றிலிருந்து கரியமில வாயு வருகிறது. இரண்டையும் வைத்து இலை சர்க்கரை சமைக்கிறது. சமைத்த சர்க்கரை இரண்டு வழியில் போகும். அன்றாடம் வந்து உட்காருகிறவர்களுக்குப் பரிமாறுவது ஒரு வழி. மிச்சத்தை மாவுச்சத்தாக மாற்றி இலையிலும் கொப்பிலும் வேரிலும் சேர்த்துவைப்பது இன்னொரு வழி. பின்னது கல்யாணத்துக்கு வாங்கி அடுக்கும் சாமான் அறை.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது மரத்தில் என்ன நடக்கிறது? தண்ணீர் தாராளமாக இருப்பதால் நுனி மொட்டெல்லாம் துளிர்த்துக் கொப்பு விடுகிறது. அந்தத் துளிர்தான் அன்றாடப் பந்திக்கு வருகிறவர்கள். பிஞ்சு இலை தன் சோற்றைத் தானே சமைக்காது. முற்றிய பிறகுதான் அது அடுப்பாகும். அதுவரை மற்ற இலை சமைத்ததைத் தின்றுதான் வளரும். ஆகவே மழைக்காலத்தில் சமையல் அமோகமாக நடந்தும் சாமான் அறையில் பெரிதாக ஒன்றும் சேராது. மழை ஓய்ந்த பிறகு புறவாசலில் நாம் தினம் இரண்டு குடம் ஊற்றிக்கொண்டிருந்தால், மரத்தைப் பொறுத்தவரை கார்த்திகை இன்னும் முடியவில்லை. மாசி வரைக்கும் அன்றாடப் பந்தியே ஓடும்.

தண்ணீரை நிறுத்தினால் முதலில் நிற்பது எது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அடுப்பு அணைந்துவிடும் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. துளிர் நீள வேண்டுமென்றால் அதன் ஒவ்வொரு செல்லும் தண்ணீரால் விம்மிப் பெருக வேண்டும். மண் கொஞ்சம் காய்ந்ததுமே அந்த விம்மல் குறைந்து வளர்ச்சி நின்றுபோகிறது. இலையின் சமையலோ அவ்வளவு சீக்கிரம் நிற்பதில்லை, மெல்லிய தீயில் இன்னும் பல நாள் நடக்கும். பந்திக்கு வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள், அடுப்போ எரிகிறது. சாமான் அறை நிறைய ஆரம்பிப்பது இப்போதுதான். மண் மேலும் காய்ந்தால், வறட்சியைத் தாங்குவதற்கான அப்சிசிக் அமிலம் என்ற பொருள் மரத்தில் கூடுகிறது, இலைத் துளைகள் மூடிக்கொள்கின்றன, அடுப்பும் அடங்குகிறது. அதற்கும் மேலே காயவிட்டால் சேர்த்த சாமானையே எடுத்துத் தின்றுதான் மரம் உயிர் பிழைக்க வேண்டும். காய்ச்சலுக்கு அளவு உண்டு என்று தோட்டக்காரர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

சாமான் நிறைந்தால் மட்டும் கல்யாணம் நடந்துவிடாது. நாள் குறித்து ஓலை போக வேண்டும்.

மரத்தில் அந்த ஓலையை எழுதுவதும் இலைதான். பூக்கச் சொல்லும் ஏதோ ஒரு பொருள் இலையில் பிறந்து நுனி மொட்டுக்குப் போகிறது என்று 1930-களில் சோவியத் அறிவியலாளர் மிகயீல் சைலாக்கியான் சொன்னார். ஃப்ளோரிஜென் என்று அதற்குப் பெயரும் வைத்தார். எழுபது ஆண்டுக்காலம் அது யார் கையிலும் அகப்படவில்லை. 2007-ல்தான் எஃப்டி என்ற புரதமே அந்த ஓலை என்று கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றிலும் நெல்லிலும் செய்த ஆய்வுகள் காட்டின. எலுமிச்சை இனத்திலும் அதே குடும்பத்துப் புரதம் வேலை செய்கிறது. அது எழுதப்படுவதற்கு இரண்டில் ஒரு காரணம் போதும்: குளிர் அல்லது தாகம். ஜப்பானிலும் ஸ்பெயினிலும் ஆரஞ்சு மரங்களுக்குப் பனிக்காலம் ஓலை எழுதிவிடுகிறது. நம் ஊர் மார்கழிக் குளிர் அதற்கு அவ்வளவு போதாது, ஆகவே இங்கே அந்த வேலையைத் தாகம்தான் செய்தாக வேண்டும்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் சவுத்விக், டேவன்போர்ட் என்ற இருவர் டஹிட்டி எனப்படும் விதையில்லா எலுமிச்சைச் செடிகளைத் தண்ணீர் இல்லாமல் வாடவிட்டும், குளிரில் வைத்தும் ஒப்பிட்டு 1986-ல் முடிவை வெளியிட்டார்கள். குளிரே இல்லாமல், இரண்டு வாரத் தாகம் மட்டுமே பூக்கவைக்கப் போதுமானதாக இருந்தது. ஆய்வுக்கூடம் இதை எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே இத்தாலியின் சிசிலித் தீவில் விவசாயிகள் இதை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். கோடையில் எலுமிச்சைத் தோப்புக்குத் தண்ணீரை நிறுத்தி, இலை சுருண்ட பிறகு பாய்ச்சி, பருவம் தப்பிப் பூக்கவைப்பார்கள். அதிலிருந்து அடுத்த கோடைக்கு வரும் பச்சைக் காய்க்கு வெர்தெல்லி என்று தனிப் பெயர். மகாராஷ்டிரத்து ஆரஞ்சு விவசாயிகள் இதையே பஹார் என்று சொல்லி, தை மாதத்துக்கு ஒன்று, ஆனிக்கு ஒன்று, புரட்டாசிக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். புளியங்குடித் தோட்டக்காரர் யாரிடமும் போய்ப் படித்துக்கொள்ளவில்லை. மரத்தைப் பார்த்துப் பார்த்தே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு.

ஓலை போய்ச் சேர்ந்த மொட்டு, கொப்பாக வேண்டியது, பூவாக மாறத் தயாராகிறது. ஆனால் தாகம் இருக்கும்வரை அது திறக்காது. சாமான் இருக்கிறது, நாளும் குறித்தாயிற்று, உலையில் தண்ணீர் வைத்தால்தான் சோறு. அந்தத் தண்ணீர்தான் காய்ச்சலுக்குப் பிறகு நாம் விடும் முதல் பாய்ச்சல். அதை ஒரேயடியாக நிரப்பி விடக் கூடாது. காய்ந்த மண்ணில் நுனி வேர்கள் பல செத்திருக்கும், மிச்ச வேர் ஒரே நாளில் அவ்வளவு தண்ணீரைத் தாங்காது; இலையும் சேர்ந்து கொட்டும். முதல் நாள் மண் நனையும் அளவுக்கு, நாலைந்து நாள் கழித்து அதைவிடக் கொஞ்சம் கூட, அதற்கப்புறம் வழக்கம்போல. எருவும் இப்போதுதான் வைக்க வேண்டும். இலைக் கணுக்களில் ஊதா சாயல் ஓடிய சின்ன மொட்டுகள் தெரியும், மூன்று நான்கு வாரத்தில் வெள்ளையாக விரியும். காலையில் புறக்கதவைத் திறந்தால் அந்த வாசனை அடுப்படி வரைக்கும் வரும்.

பூவோடு சேர்ந்தே துளிரும் வரும். அந்தத் துளிருக்காகக் காத்திருக்கும் ஜீவன் ஒன்று உண்டு. கறுப்பில் மஞ்சள் திட்டுப் போட்ட எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி மாசி வெயிலில் மரத்தைச் சுற்றிச் சுற்றிவந்து, பிஞ்சு இலையாகப் பார்த்து ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். பொரித்து வரும் புழு முதலில் பறவை எச்சம் என்றே நினைக்கவைக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டை நீட்டி, எலுமிச்சை நாற்றத்தையே கொஞ்சம் காரமாக்கி வீசும். பக்கத்தில் கறிவேப்பிலை நின்றால் அதிலும் வரும், இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். தோட்டக்காரருக்கு இது பூச்சி. புறவாசலில் ஒற்றை மரம் வைத்திருப்பவர் நாலு புழுவுக்காக மருந்து அடிப்பதில் அர்த்தம் இல்லை. முற்றிய மரத்துக்கு நாலு துளிர் போவது இழப்பே அல்ல. சின்னக் கன்று என்றால் மட்டும் கையால் எடுத்து அப்புறப்படுத்திவிடலாம். அதிலும் முக்கியமானது, பூத்திருக்கும் நேரத்தில் எந்த மருந்தும் வேண்டாம், தேனீ வரும் நேரம் அது.

பூத்ததெல்லாம் காயாகும் என்று எதிர்பார்த்து, அடியில் உதிர்ந்து கிடப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். நூறு பூவில் ஐந்து காய்கூட நிலைக்காது. அதுவே இயல்பு. மரம் தன் சாமான் அறையைப் பார்த்து, எத்தனை பேருக்குப் பந்தி போட முடியுமோ அத்தனை பிஞ்சை வைத்துக்கொண்டு மற்றதை உதிர்த்துவிடுகிறது. இந்த ஒரு இடத்தில்தான் கல்யாண வீடும் மரமும் பிரிகின்றன. வீட்டில் வந்தவரை அனுப்பமாட்டோம். பிஞ்சு மிளகு அளவிலிருந்து சுண்டைக்காய் அளவுக்கு வரும் பங்குனி நாட்களில் தண்ணீர் மட்டும் தவறவே கூடாது. தையில் வாடினால் பூ, பங்குனியில் வாடினால் உதிர்வு. ஒரே தாகம், மாதம் மாறினால் பலன் தலைகீழ். முதல் முறை காயப்போட்டுப் பலன் கண்டவர்கள் அந்த உற்சாகத்தில் இங்கே கோட்டைவிடுவதுண்டு.

இவ்வளவும் தெரிந்தால் சித்திரையில் எலுமிச்சை ஏன் அந்த விலை விற்கிறது என்பதும் விளங்கிவிடும். பூத்ததிலிருந்து பறிப்புக்கு ஐந்தாறு மாதம் ஆகும். மாசிப் பூ ஆடியில்தான் கைக்கு வரும். வெயிலும் அம்மன் கோயில் கொடைகளும் ஒன்றாக வரும் சித்திரை, வைகாசியில் காய் வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் மரம் பூத்திருக்க வேண்டும். அதற்கு ஆவணி, புரட்டாசியில் வாடியிருக்க வேண்டும். மலை அடிவாரத்தில் தென்மேற்குச் சாரல் ஆவணி வரை எட்டிப் பார்க்கும், புரட்டாசிக் கடைசியில் அடுத்த மழை திரண்டுவிடும். காயப்போட நடுவில் கிடைக்கும் இடைவெளி சின்னது. மழையை மோட்டார்போல நிறுத்திவைக்க யாராலும் முடியாதே. அந்த இடைவெளி அமைந்த தோட்டத்தில்தான் கோடைக் காய் இருக்கும். சந்தையில் ஒரு காயை ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்கும்போது, அந்தத் தாகம் எல்லாத் தோட்டத்துக்கும் கிடைத்திருக்காது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

தை மாதத்திலும் மழை குறுக்கிடும். 2021 ஜனவரியில் தென் மாவட்டங்களில் பருவம் தப்பிப் பெய்த கனமழையைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு மழை விழுந்தால் அதுவரை காயப்போட்டதற்குக் கணக்கு இல்லை, மண் உலர்ந்த நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். மாசி பின்தள்ளிப் பங்குனியில் பூத்தாலும் குறை ஒன்றும் இல்லை.

புறவாசல் மரத்துக்கு இதைச் செய்ய வேண்டுமென்றால் முதல் வேலை அங்கணத்துத் தண்ணீரைத் திருப்புவதுதான். பாத்திரம் கழுவிய தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும் தினமும் அதே தூரில் போய் விழுந்தால் மண் ஒருநாளும் காயாது. ஓடையை வாழைப் பக்கம் வெட்டிவிடுங்கள், வாழைக்கு எத்தனை தண்ணீரும் ஆகும். சோப்புத் தண்ணீரை எந்த மாதமும் எலுமிச்சைக்கு விடாமல் இருப்பதே நல்லது, உப்பு அதற்கு ஒத்துக்கொள்ளாத சமாசாரம். தூரில் சருகு மூடாக்கு போட்டிருந்தால் அதையும் இந்த நாட்களுக்கு விலக்கிவையுங்கள். சாணமோ பிண்ணாக்கோ இப்போது வேண்டாம், அது துளிருக்குத்தான் தூண்டும்.

எத்தனை நாள் என்று கேட்டால் மண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மணல் கலந்த செம்மண் இரண்டு வாரத்தில் வாட்டும். கரிசலோ களியோ என்றால் ஒரு மாதம் வரை இழுக்கும். நாளை எண்ணுவதைவிட இலையைப் பார்ப்பதே சரி. மத்தியானம் சுருண்டு சாயங்காலம் நிமிர்ந்தால் தாகம் தொடங்கியிருக்கிறது, விட்டுவிடலாம். சாயங்காலமும் சுருள் பிரியாமல், இலை பச்சை மங்கி, அடி இலை ஒன்றிரண்டு விழுந்தால் போதுமான காய்ச்சல் வந்துவிட்டது. விடிகாலையில்கூட இலை தொங்கினால் அன்றைக்கே தண்ணீர் விட வேண்டும், அதற்குமேல் ஒருநாள் தள்ளக் கூடாது. தொட்டியில் மொட்டைமாடியில் வைத்திருக்கும் செடி இதையெல்லாம் நாலைந்து நாளுக்குள் காட்டிவிடும், ஆகவே அதைக் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மூன்று வயதுக் கன்றுகளுக்கு இந்த வைத்தியமே வேண்டாம். விதையிலிருந்து வந்த எலுமிச்சை காய்ப்புக்கு வர நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை கொப்பும் வேரும் சேர்ப்பதுதான் அதன் வேலை, தண்ணீர் குறையாமல் விடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. மரத்தில் முற்றிய காய் தொங்கிக்கொண்டிருக்கும்வரை அது பந்தியில் உட்கார்ந்தே இருக்கும் ஆள். தின்பதோடு நிற்காமல், அடுத்த ஓலை எழுதப்படுவதையும் தடுக்கும். காய் சுமந்த கொப்பின் இலையில் அந்த எஃப்டி குறைவாகவே பிறக்கிறது. போன வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்த்த மரம் இந்த வருஷம் ஏமாற்றுவதற்கு இது பெரிய காரணம். வேண்டும்போது பறிக்கலாம் என்று மரத்திலேயே விட்டுவைப்பதை விட்டுவிட்டு, மார்கழி பிறப்பதற்குள் பழுத்ததையும் பழுக்கப்போவதையும் பறித்துவிடுங்கள். மஞ்சள் ஏறியது சர்பத்துக்கும் சாதத்துக்கும் ஆகும், பச்சையாக இருப்பதை நாலாக வகுந்து கல்லுப்பு அடைத்து ஜாடியில் போட்டால் தை வெயிலில் ஊறுகாயாகிவிடும். மரம் காய்ச்சலுக்குப் போகும்போது அதன் மேல் எந்தச் சுமையும் இருக்கக் கூடாது.